தபசு காலத்து ஊர்வேலை

1693ஆம் ஆண்டில் ஈஸ்டர் மார்ச் 22ஆம் தேதி வந்தது. அதற்கு முந்திய தேதியில் அந்தப் பண்டிகை வர வழியே இல்லை. எல்லாத் திருச்சபைகளும் ஒரே நாளில் உயிர்ப்பைக் கொண்டாட வேண்டும் என்று கி.பி. 325இல் நிசேயா சங்கம் முடிவுசெய்தது. அதையொட்டி நிலைத்த கணக்குப்படி, மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். ஆகவே அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில்தான் விழும். மார்ச் 22 அபூர்வமான நாள். 1818இல் வந்தது, இனி 2285இல்தான் வரும். 1693இல் ஈஸ்டர் அவ்வளவு முந்தியதால் தவக்காலமும் பிப்ரவரி 4ஆம் தேதியே தொடங்கிவிட்டது. அந்தத் திருநீற்றுப் புதனன்றுதான் கிழவன் சேதுபதி ஆண்ட மறவ நாட்டில், ஓரியூரில், அருளானந்தர் என்று தமிழர் அழைத்த ஜான் டி பிரிட்டோ தலை வெட்டப்பட்டு இறந்தார்.

மறவ நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு அந்த ஆண்டுத் தவக்காலம் எப்படிக் கழிந்திருக்கும்? நெற்றியில் சாம்பல் பூசிப் பாவமன்னிப்புக் கேட்க வேண்டிய நாளில் அவர்களுடைய சாமியார் கொல்லப்பட்டார். பூசை வைக்க ஆள் இல்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க ஆள் இல்லை. ஆனால் பண்டிகை மட்டும் நாள் தவறாமல் வந்து நின்றது. தமிழ்க் கத்தோலிக்கரின் தவக்கால வழக்கங்களைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: குருவானவர் இல்லாமலும் நடத்தக்கூடிய விதத்தில்தான் இந்த நாற்பது நாள் நம் மண்ணில் உருப்பெற்றது. ரோமாபுரி நாள் குறித்துக் கொடுத்தது. வேலையை ஊர் எடுத்துக்கொண்டது. அப்படி எடுத்துக்கொண்டதால், ஓர் ஊரில் யார் உழைக்கிறார், யாருக்கு மரியாதை கிடைக்கிறது என்பதும் மற்ற எந்தக் காலத்தையும்விட இந்தக் காலத்தில் பளிச்சென்று தெரியவருகிறது.

குருக்கள் குறைவு என்பது வெறும் தற்செயல் அல்ல. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் அந்தக் கரைக்கு வந்தபோது ஊருக்கு ஊர் ஆட்களை நியமித்து, அவர்களுக்குச் சம்பளத்துக்கும் வழிசெய்து, சிறுவர்களைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுக்க வைத்தார். பிறகு உபதேசியார், கணக்கப்பிள்ளை, கோயில்பிள்ளை என்று வளர்ந்த ஒரு வரிசைக்கு அதுதான் வித்து. அடுத்து வந்த அன்றிக்கே அன்றிக்கஸ் தமிழில் அச்சிட்ட நூல்களில் ஒன்று, 1580இல் வெளிவந்த ‘கொம்பெசியோனாயரு’. பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும் கையேடு அது. தமிழின் முதல் அச்சுநூல்களில் ஒன்று இப்படிப்பட்ட கையேடாக இருந்ததற்குக் காரணம் உண்டு. ஆண்டுக்கு ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் செய்து, பாஸ்கு காலத்தில் நற்கருணை வாங்க வேண்டும் என்பது 1215இன் லாத்தரன் சங்கம் விதித்த கடமை. ‘பாஸ்குக் கடன்’ என்று ஊரில் சொல்வது அதைத்தான். ஒரு குருவானவர் பல ஊர்களுக்குச் சுற்றிவர வேண்டிய நாட்டில், அவர் வந்து சேர்கிற அன்றைக்குச் சனங்கள் தயாராக இருந்தாக வேண்டும். தயார்செய்கிற பொறுப்பு உபதேசியாருடையது, பாட்டிமாருடையது.

1658இல் டச்சுக்காரர்கள் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் தூத்துக்குடியையும் பிடித்தபோது நிலைமை இன்னும் கடுமையானது. இலங்கையில் கத்தோலிக்கக் குருக்கள் நடமாடவே தடை. கோவாவிலிருந்து புறப்பட்ட ஜோசப் வாஸ் அடிகள் 1687இல் ஏழைக் கூலியாளாக வேடம் பூண்டு யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்தார். சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்துக் காப்பாற்றினார்கள். (2015 ஜனவரியில் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.) 1705இல் அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ். கோவாவைச் சேர்ந்தவர், 1676இல் பிறந்தவர், தமிழும் சிங்களமும் எழுதுமளவுக்குக் கற்றவர். தமிழ்த் தவக்காலத்துக்கு ஒரு குரல் கொடுத்தவர் என்று ஒரே ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் இவரைத்தான் சொல்வேன்.

அவர் தந்தது ‘வியாகுலப் பிரசங்கம்’. ஆண்டவருடைய திருப்பாடுகளை ஒன்பது பகுதிகளாக விரித்துச் சொல்லும் நூல். பிரசங்கம் என்று பெயர் இருந்தாலும், குருவானவர் பீடத்தருகே நின்று பேசுகிற பிரசங்கம் இல்லை இது. எழுதி வைத்ததை ஊர்க்காரர் இராகத்தோடு படிக்க வேண்டும். குருவானவர் இல்லாத ஊரிலும் பெரிய வெள்ளி பெரிய வெள்ளியாகவே இருக்க ஒரு வழி செய்தார் கொன்சால்வெஸ். புத்தகம் இருந்தால் போதும், படிக்கத் தெரிந்த இரண்டு பேர் இருந்தால் போதும். 1742இல் அவர் போலவத்தையில் இறந்தார். அவருடைய பிரசங்கம் மன்னார், யாழ்ப்பாணம், புத்தளக் கரை ஊர்களிலும், கடலுக்கு இந்தப் பக்கம் முத்துக்குளித்துறையிலும் இன்றைக்கும் தவக்காலத்தில் ஒலிக்கிறது.

அது எப்படிப் படிக்கப்படுகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். கோயிலின் நடுவில் ஒரு மேசை; அதன்மேல் பாடுபட்ட சுரூபம், இருபக்கமும் மெழுகுவர்த்தி. படிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள், இரண்டு பேரோ மூன்று பேரோ. அச்சுப்புத்தகம் இருந்தாலும் பலர் தங்கள் அப்பாவோ மாமாவோ கையால் எழுதிவைத்த நோட்டைத்தான் நம்புகிறார்கள். எங்கே இழுக்க வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும், எந்த இடத்தில் அடுத்தவர் எடுக்க வேண்டும் என்ற குறிப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. உரைநடையைத்தான் படிக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் மேலே ஏறி, ஓரிடத்தில் நின்று, சரிந்து இறங்குகிறது. சாவு வீட்டில் கேட்டுப் பழகிய இறக்கம் அது. ஒரு பகுதி முடிந்ததும் பெண்கள் புலம்பல் எடுக்கிறார்கள். மகனைப் பறிகொடுத்த தாயின் வாயில் வைத்துப் பாடப்படும் அந்தப் புலம்பலில் மரியாள் எருசலேமில் நிற்கவில்லை, இந்த ஊர்க் கடற்கரையில்தான் நிற்கிறாள். கடலில் பிள்ளையைக் கொடுத்த பெண் ஒருத்தியாவது அந்தக் கூட்டத்தில் எப்போதும் இருப்பாள். அவள் அழுவது யாருக்காக என்று யாரும் கேட்பதில்லை.

மன்னார்ப் பக்கத்தில் இதோடு ‘பசாம்’ பாடும் வழக்கமும் உண்டு. பேசாலையில் இன்னும் ஒருபடி மேலே போய் ‘உடக்குப் பாஸ்’ நடத்துகிறார்கள். ஆளுயர மர உருவங்களுக்கு அங்கி உடுத்தி, மறைவில் நிற்பவர்கள் அவற்றை அசைக்க, வேறு சிலர் கதையைப் படிக்கவும் பாடவும், திருப்பாடுகள் முழுவதும் காட்சிகளாக விரியும். யேசுவாகவோ மரியாளாகவோ வேடம் போட மனிதன் தகுதியுடையவன்தானா என்ற கூச்சத்துக்கு மர உருவம் நல்ல மறுமொழி. நீர்கொழும்பை அடுத்த தூவாவில் சிங்களக் கத்தோலிக்கர் நடத்தும் புகழ்பெற்ற பாஸ்குவும் பொம்மைகளில் தொடங்கிப் பின்னால் ஆட்கள் நடிக்கும் நாடகமாக மாறியதுதான். யாழ்ப்பாணத்தில் 1960களில் நீ. மரிய சேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் நாடகத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தது. போர் நடந்த ஆண்டுகளிலும் அது நிற்கவில்லை. குற்றமில்லாதவனைப் பிடித்துக்கொண்டுபோய் அடித்து விசாரித்துக் கொல்லும் கதையை அந்த ஆண்டுகளில் அந்த ஊரில் மேடையேற்றினால், பார்ப்பவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

தமிழ்நாட்டில் மணப்பாறை, திண்டுக்கல், சிவகங்கைப் பக்கத்து ஊர்களில் திருப்பாடுகளின் நாடகத்தையே ‘பாஸ்கா’ என்கிறார்கள். கூத்து மரபின் வாசனை அதில் தூக்கலாக இருக்கும். விடிய விடிய நடக்கும், சுற்றுப்பட்டு ஊர் சனமெல்லாம் மதம் பார்க்காமல் பாய் விரித்து உட்காரும். சில ஊர்களில் ஈஸ்டர் முடிந்த பிறகே பாஸ்கா போடுவார்கள். வெளியூரில் வேலைக்குப் போனவர்கள் வந்து சேர வேண்டும், அறுவடைப் பணம் கையில் வர வேண்டும். திருவழிபாட்டு நாட்காட்டியைவிட இந்தக் கணக்குக்கே ஊர் கட்டுப்படுகிறது.

இத்தனை பெரிய ஊர்ச் சடங்குகளுக்கு நேரம் எங்கிருந்து கிடைத்தது என்று ஒரு கேள்வி உண்டு. 1955 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் பெரிய வார வழிபாட்டு முறைகளைத் திருத்தி ஆணை பிறப்பித்தார். 1956 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு பெரிய வியாழன், பெரிய வெள்ளி, பெரிய சனி மூன்று நாள் வழிபாடும் காலையிலேயே முடிந்துவிடும். பாஸ்கா திருவிழிப்புகூடச் சனிக்கிழமை காலையில்தான்; இருளை வெல்லும் ஒளி என்று பாடிக்கொண்டு நல்ல வெயிலில் திரி ஏற்றினார்கள். அதுவும் முழுக்க இலத்தீனில். ஆகவே பெரிய வெள்ளியின் பிற்பகலும் மாலையும் இரவும் மக்களுக்குச் சும்மா கிடைத்தன. அந்த வெற்று நேரத்தில்தான் வியாகுலப் பிரசங்கமும், சிலுவையிலிருந்து ஆண்டவரை இறக்குவதும், இறந்த ஆண்டவரைச் சுமந்துபோகும் தூம்பா பவனியும், பாஸ்குவும் வளர்ந்தன. காலையில் புரியாத மொழியில் நடந்ததை மாலையில் தாய்மொழியில் ஊரே நடத்திக்காட்டியது.

1956க்குப் பிறகு பெரிய வெள்ளி வழிபாடு பிற்பகல் மூன்று மணிவாக்கிலும் திருவிழிப்பு இரவிலும் நிலைபெற்றன. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சாசனம் வந்தது. சில ஆண்டுகளில் திருப்பலி தமிழுக்கு மாறியது. இவை தேவையான மாற்றங்கள். திருப்பாடுகளின் வரலாற்றைச் சொந்த மொழியில் கேட்பது எந்தக் கிறிஸ்தவனுக்கும் உரிய உரிமை. ஆனால் ஊரின் கையில் இருந்த பிற்பகலைக் குருவானவர் எடுத்துக்கொண்டார் என்பதும் உண்மை. வியாகுலப் பிரசங்கம் ஓரத்துக்குப் போனது. சில இடங்களில் நள்ளிரவுக்கு, சில இடங்களில் வியாழன் இரவு ஆராதனை நேரத்துக்கு, சில இடங்களில் ஒலிபெருக்கியில் ஓடும் பதிவு நாடாவுக்கு. புரியாத வழிபாட்டுக்கு விளக்கமாக இருந்தபோது அதற்கு ஒரு தேவை இருந்தது. அந்தத் தேவை போன பிறகும் பல ஊர்கள் அதை விடாமல் வைத்திருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தவக்காலத்தின் அன்றாட வேலைகளை எழுதினால் பட்டியல் நீளும். சாம்பலிலிருந்தே தொடங்கலாம். சென்ற ஆண்டு குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலை ஒவ்வொரு வீட்டிலும் திருக்குடும்பப் படத்துக்குப் பின்னால் செருகி இருக்கும். திருநீற்றுப் புதனுக்கு முந்தைய ஞாயிறன்று அவற்றைக் கொண்டுவரச் சொல்லிக் கோயில்பிள்ளை அறிவிப்பார். ஓராண்டு புகைபட்டுக் காய்ந்த ஓலை சரசரவென்று எரியும். சட்டியில் எரித்து, ஆறவிட்டு, கையால் நொறுக்கி, துணியில் சலித்து எடுத்தால் மூன்று கூடை ஓலைக்கு ஒரு கிண்ணம் சாம்பல்கூடத் தேறாது. அந்தக் கிண்ணம்தான் ஊர் முழுவதற்கும்.

புது ஓலை வெட்டுவது வேறொரு கைவேலை. பனைக்கும் தென்னைக்கும் ஒரே ஒரு வளர்முனைதான். அது சிதைந்தால் மரம் பட்டுப்போகும். குருத்தோலையை எந்த அளவோடு எடுப்பது, எந்த மரத்தில் இந்த ஆண்டு கை வைக்கக்கூடாது என்பது மரம் ஏறுபவருக்குத்தான் தெரியும். தென் மாவட்டங்களில் பனையேறிகள் குறைந்துவிட்டதால் இப்போது நகரத்துப் பங்குகள் ஓலையை விலைக்கு வாங்குகின்றன. சனிக்கிழமை மாலை பங்குமனை வாசலில் பிள்ளைகள் உட்கார்ந்து குருத்தோலையில் சிலுவை பின்னுவார்கள். மடிப்பு பிடிபடாத பிள்ளைக்குப் பக்கத்திலிருக்கும் பாட்டி பிரித்து மறுபடி காட்டிக்கொடுப்பாள். மறைக்கல்வி வகுப்பில் ஓராண்டு சொல்லிக் கொடுப்பதைவிட அந்த ஒரு மாலையில் பிள்ளை மனதில் தங்குவது அதிகம் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

வெள்ளிக்கிழமை தோறும் சிலுவைப் பாதை. பதினான்கு நிலைகள் என்ற கணக்கை உறுதிசெய்தது 1731இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெந்து. தமிழ்நாட்டில் அன்பியங்கள் என்னும் சிறு கிறிஸ்தவக் குழுக்கள் வேரூன்றிய பிறகு இது கோயிலுக்குள்ளிருந்து தெருவுக்கு வந்துவிட்டது. ஓர் அன்பியத்துக்கு ஒரு வெள்ளி, அல்லது ஒரு நிலை. நிலை அமையும் வீட்டுக்காரர் வாசல் தெளித்து, மேசை போட்டு, வெள்ளைத்துணி விரித்து, விளக்கேற்றி வைப்பார். சென்னையில் பரங்கிமலைப் படிகளில் தவக்காலம் முழுவதும் சிலுவைப் பாதை நடக்கிறது. அடிவாரத்திலிருந்து செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுபவர்களில் கிறிஸ்தவர் அல்லாதவரும் இருக்கிறார்கள்.

நோன்பு விதிகள் இப்போது மிகவும் தளர்ந்துவிட்டன. பழைய தலைமுறைக்குத் தவக்காலம் என்றால் ஒருசந்தி, சுத்தபோசனம். ஞாயிறு நீங்கலாக நாற்பது நாளும் ஒருவேளைச் சாப்பாடு, இறைச்சி இல்லை. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் கட்டாய நோன்பைத் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி என்று இரண்டு நாளாகக் குறைத்தார். இறைச்சி விலக்கு என்பது கடற்கரை ஊர்களுக்குப் பெரிய தபசும் இல்லை, மீன்தான் எப்போதும் உண்டே. அதனால் அங்கே பல குடும்பங்கள் வெள்ளிக்கிழமையில் மீனையும் சேர்த்து விட்டுவிடுகின்றன; பெரிய வெள்ளியன்று கட்டுமரமோ படகோ இறங்குவதில்லை. ஆண்கள் குடியை விடுவது ஊர்ப் பெண்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் தபசு. நாற்பது நாள் கூலி முழுசாக வீட்டுக்கு வரும் என்பது சிறிய ஆன்மீகப் பலன் இல்லை. கல்யாணமும் இந்தக் காலத்தில் இல்லை. அதனால்தான் தவக்காலத்துக்கு முந்தின வாரங்களில் கோயிலில் ஒரே நாளில் நாலைந்து தாலிகள் மந்திரிக்கப்படுகின்றன.

பெரிய வெள்ளிக் கஞ்சியைச் சொல்லாமல் விடக்கூடாது. வழிபாடு முடிந்து சிலுவையை முத்தி செய்துவிட்டு வெளியே வருகிறவர்களுக்குப் பச்சரிசியும் பாசிப்பருப்பும் போட்டுக் காய்ச்சிய கஞ்சியும் துவையலும். அரிசி வீடு வீடாகப் பிடியரிசியாகச் சேர்ந்தது. அண்டாவைக் கோயில் வளாகத்தில் காலையிலேயே ஏற்றிவிடுவார்கள். கிளறுவது ஆண்கள், தேங்காய் துருவுவது பெண்கள். பகல் முழுவதும் ஒரு வாய் தண்ணீரோடு இருந்தவர்கள் தெருவோரத்தில் குந்தி உட்கார்ந்து அதைக் குடிக்கிறார்கள். யார் காய்ச்சினார்கள், யார் குடித்தார்கள் என்பதைத்தான் நான் இதில் கவனிப்பது. எல்லாரும் ஒரே அண்டாவில் குடிக்கும் ஊரும் உண்டு, இன்னும் அது வாய்க்காத ஊரும் உண்டு.

சாதியைத் தொடாமல் தமிழ்ப் பங்கின் தவக்காலத்தை எழுதுவது பொய்யாகிவிடும். பெரிய வியாழனன்று பன்னிருவர் பாதம் கழுவப்படுகிறது. அந்தப் பன்னிருவர் யார்? தூம்பாவைத் தூக்கும் தோள் யாருடையது? சிலுவைப் பவனி எந்தத் தெருவுக்குள் போகும், எந்தத் தெருமுனையில் திரும்பிவிடும்? தமிழ்நாட்டில் பல பங்குகளில் இவை தலைமுறை தலைமுறையாகச் சண்டையாக நின்ற கேள்விகள். அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர் கேட்டு நடத்திய போராட்டத்தைத் தொடர்ந்து 2008 மார்ச் 9 அன்று மோதல் வெடித்தது. காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். அது தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. ஈஸ்டருக்கு இரண்டே வாரம். இரு தரப்பும் ஒரே மாதாவிடம் செபமாலை சொல்லும் கத்தோலிக்கர். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஆவணத்தையே வெளியிட்டது. சாதிப் பாகுபாட்டைப் பெரும் சமூகப் பாவம் என்று அது கண்டிக்கிறது. ஆவணம் வேண்டும்தான். என் பார்வையில், ஒரு பங்கில் இந்தப் பாவம் இருக்கிறதா இல்லையா என்று அறிய, பெரிய வாரத்துக்கான பங்குப் பேரவைக் கூட்டத்தில் வேலை பிரிக்கப்படுவதைப் பார்த்தால் போதும்.

மாற்றமும் அங்கேயே தொடங்குகிறது. பாதம் கழுவுவதற்கு ஆண்களை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதி 2016 ஜனவரியில் வந்த ஆணையால் நீங்கியது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே திருத்தந்தை பிரான்சிஸ் ரோமாபுரி இளம் குற்றவாளிகள் இல்லத்தில் இரண்டு இளம்பெண்களின் பாதத்தையும் கழுவியிருந்தார். இன்று பல தமிழ்ப் பங்குகளில் துப்புரவுப் பணியாளர், கைம்பெண், மாற்றுத்திறனாளி, புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர் என்று பன்னிரண்டு நாற்காலியிலும் பலவகை மக்கள் அமர்கிறார்கள். அன்பியத்துக்கு ஒருவர் என்று எடுக்கும் முறையும் பரவியிருக்கிறது. அன்பியம் பிரிக்கப்பட்டதே தெருவாரியாக, தெருவோ சாதிவாரியாக என்றாலும், பன்னிரண்டில் எல்லாத் தெருவும் வந்துவிடுகிறது என்பது சிறிய வெற்றி இல்லை.

தவக்காலத்து ஈகைக்கு ஒரு தூரத்து வரலாறும் உண்டு. ஜெர்மானிய ஆயர்கள் 1958இல் உருவாக்கிய ‘மிசரேயோர்’ அமைப்பு, உலகின் பசிக்கென்று 1959 தவக்காலத்தில் முதல் காணிக்கையைத் திரட்டியது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் எத்தனையோ கிணறுகளும் பள்ளிகளும் அத்தகைய தவக்காலக் காணிக்கைகளிலிருந்து வந்தவை. இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலத்தில் பீடத்தை மறைக்கத் தொங்கவிட்ட பெரிய துணியோவியத்தை மிசரேயோர் 1976இல் புதுப்பித்தபோது, முதல் ஓவியத்தை வரைந்தவர் பெங்களூரை அடுத்து வாழ்ந்த இந்திய ஓவியர் ஜோதி சாகி. ஜெர்மனியின் பங்குக் கோயில்களில் அந்த ஆண்டு தவக்காலம் ஓர் இந்தியன் வரைந்த படத்துக்கு முன்னால் நடந்தது.

இரு கரைத் தமிழரும் சேர்ந்து கொண்டாடும் ஒரு தவக்கால விழா கச்சத்தீவில் நடக்கிறது. அந்தோனியார் கோயில் திருவிழா பெரும்பாலும் பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ, தவக்காலத்துக்குள் வரும். முதல் நாள் மாலை கொடியேற்றமும் சிலுவைப் பாதையும், மறுநாள் காலை திருப்பலி. ஏற்பாடு யாழ்ப்பாண மறைமாவட்டத்துடையது. இராமேசுவரத்திலிருந்தும் படகுகள் போகும். 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போன பின்னும் விழாவுக்கு வழி இருந்தது, போர்க்காலத்தில் தடைப்பட்டது, போர் முடிந்த பின் மீண்டது. 2024 பிப்ரவரி விழாவை இராமேசுவரம் மீனவர் புறக்கணித்தார்கள், தங்கள் ஆட்கள் இலங்கைச் சிறையில் இருந்ததால். 2025 மார்ச் 14, 15இல் மறுபடி போனார்கள். சிலுவைப் பாதையில் இரு கரை மீனவரும் ஒரே சிலுவைக்குப் பின்னால் நடக்கிறார்கள். மறுவாரம் கடலில் வலைக்கும் மீனுக்குமாக எதிரெதிரே நிற்கிறார்கள். இந்தப் பிணக்கைத் தீர்க்கக்கூடிய பேச்சு எங்காவது தொடங்க முடியுமென்றால், அந்த இரண்டு நாள் கூட்டத்தில்தான் தொடங்கும் என்று நம்புகிறேன்.

சீர்திருத்தச் சபைகளைப் பற்றி ஒன்று மட்டும். திருநெல்வேலிப் பக்கத்துத் தென்னிந்தியத் திருச்சபைக் கோயில்களில் லெந்து என்னும் தவக்கால நாட்களின் உச்சம் பெரிய வெள்ளியின் மூன்று மணிநேர ஆராதனை: சிலுவையில் மொழிந்த ஏழு வார்த்தைகளுக்கு ஏழு செய்திகள். அந்த வழக்கத்தைத் தொடங்கியவர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரு நாட்டின் லிமாவில் இருந்த ஒரு சேசுசபைக் குரு. உயிர்ப்பு ஞாயிறு விடியுமுன் கல்லறைத் தோட்டத்தில் கூடும் ஆராதனைக்காக முந்தைய வாரமே புல் செதுக்கி, கல்லறைகளுக்கு வெள்ளையடிப்பது அந்த ஊர்களின் கூட்டுவேலை.

பெரிய வியாழன் ‘உன்னதங்களிலே’ பாடியதோடு மணிகள் ஓய்ந்துவிடும். அதற்குப் பின் மரத்தட்டைதான். சனி இரவு புதுத் தீ மூட்டி, பாஸ்கா திரி ஏற்றி, வாசகங்கள் முடிந்து மறுபடி ‘உன்னதங்களிலே’ எடுக்கும்போது காண்டாமணி, பீடத்து மணி, வெடி எல்லாம் சேர்ந்து வெடிக்கும். தமிழ் ஊர்களில் அந்த நொடியில் கல்லறையிலிருந்து உயிர்த்த ஆண்டவர் சுரூபம் எழும்பியாக வேண்டும். கயிற்றையும் கப்பியையும் பொறுப்பேற்ற இளைஞர்கள் மறைவில் வியர்வையோடு காத்திருப்பார்கள். வேளாங்கண்ணியில் ஆயிரக்கணக்கானோர் முன் கலையரங்கத்தில் நடக்கும் அதே காட்சியைச் சிற்றூர்க் கோயிலில் நாலு பேர் செய்து முடிக்கிறார்கள்.

2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறு காலையில் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், நீர்கொழும்பு கட்டுவப்பிட்டிய செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீயோனில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு வகுப்பு முடித்து வெளியே நின்ற பிள்ளைகள். நாற்பது நாள் சேர்ந்து உழைத்து, புதுத்துணி உடுத்தி, கோயிலுக்கு வந்த குடும்பங்கள் அவை. அடுத்த ஞாயிறு இலங்கை முழுவதும் திருப்பலிகள் நிறுத்தப்பட்டன. கர்தினால் மால்கம் ரஞ்சித் ஆண்டகை தம் இல்லச் சிற்றாலயத்தில் நிறைவேற்றிய திருப்பலியை மக்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். ஓராண்டு நினைவை ஒன்றுகூடி அனுசரிக்கவும் முடியவில்லை. 2020இல் கொரோனா ஊரடங்கு கோயில்களைப் பூட்டியிருந்தது. வீட்டு முற்றத்தில் குடும்பமே சிலுவைப் பாதை நடத்திய, அம்மாவே வியாகுலப் பிரசங்கத்தின் ஒரு பகுதியைப் படித்த அந்த ஆண்டு, குருவானவர் இல்லாமல் பண்டிகை கொண்டாடிய பழைய நூற்றாண்டு ஒன்று சில வாரங்களுக்குத் திரும்பி வந்தது.

ஈஸ்டர் முடிந்தாலும் பங்கின் வேலை முடிவதில்லை. பந்தல்காரனுக்கும் ஒலிபெருக்கிக்காரனுக்கும் பாக்கி தீர்க்க வேண்டும், வரவு செலவைப் பங்குப் பேரவையில் வாசிக்க வேண்டும், புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்க வேண்டும். கிழக்குக் கரை மீனவருக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. கையில் காசில்லாத அந்த நாட்களில்தான் திருவிழிப்பில் மந்திரித்த தண்ணீரோடு பங்குச்சாமி வீடு மந்திரிக்கக் கிளம்புவார். எந்தத் தெருவிலிருந்து தொடங்குவது என்பதைக் கோயில் நிர்வாகம் முன்கூட்டியே முடிவுசெய்கிறது. வழக்கமாக மேலத்தெருவில் தொடங்கிக் கடைசித் தெருவில் முடியும். சில பங்குகளில் இப்போது கடைசித் தெருவிலிருந்து தொடங்குகிறார்கள்.